கம்பி ஒரு சுருதி, ஸ்பீக்கர் ஒரு சுருதி

  கண் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன். இப்போது புதுக் கண்ணாடி வந்துவிட்டது. இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

பெரிய மகளின் பையன் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தான். கூடவே ஒரு எலெக்ட்ரிக் கிடார், சின்ன ஆம்ப், உள்ளங்கை அளவில் ஒரு இரும்பு டப்பா. மாடி அறையில் தினமும் கச்சேரி. ஒரு நாள் சாயங்காலம் அவன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. ஆம்ப் அடங்கியது. அவன் கை மட்டும் நிற்கவில்லை. வெறும் கம்பியின் சத்தம் மெல்லிசாகக் கேட்டது. எனக்கு ஏதோ உறுத்தியது. ஒரு நிமிடம் முன்னால் கேட்ட சுருதி இது இல்லையே! பாட்டு அதே பாட்டுதான், ஆனால் ஒன்றரைக் கட்டை ஏறிப்போயிருந்தது.

"என்னடா இது, கரண்ட் போனால் சுருதி ஏறுமா?" என்று கேட்டேன்.

சிரித்தான். "கம்பி எப்பவுமே இந்தச் சுருதியிலதான் இருக்கு தாத்தா. இந்தப் பெடல்தான் இறக்கிக் குடுக்குது. எங்க பேண்டுல பாடுற பையனுக்கு மேல எட்டல. அவனுக்காகத்தான்."

முப்பத்து நான்கு வருஷம் இயற்பியல் நடத்தியவன் நான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து அவனைத் தொந்தரவு செய்தும், தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன். கடைசியில் சொந்தக் கதை ஒன்றும் இருக்கிறது. அதற்காகவாவது கடைசிவரை படியுங்கள்.

முதலில் பழைய பாடம். ஆய்வகத்தில் சுரமானிப் பெட்டி ஞாபகம் இருக்கிறதா? ஒரு கம்பி, ஒரு கப்பி, தொங்கும் எடைகள், இசைக்கவை. காகிதத் துண்டு கம்பியிலிருந்து துள்ளி விழுந்தால் கைதட்டுவீர்கள். கம்பியின் அதிர்வெண் மூன்றைப் பொறுத்தது: நீளம், இழுவிசை, கம்பியின் கனம். நீளம் கூடினால் சுருதி இறங்கும். கனம் கூடினாலும் இறங்கும். இழுவிசையைத் தளர்த்தினாலும் இறங்கும். கிடாரின் சுருதியை இறக்க நினைத்தவர்களுக்கு நீண்ட காலம் இந்த மூன்று வழிகள்தான் இருந்தன.

கிடாரின் தடித்த கம்பி வழக்கமாக 'ஈ' சுரத்தில் நிற்கும். நம் கணக்கில் 3 கட்டை. அதிர்வெண் சுமார் 82.4 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு அரைக் கட்டை இறங்கும்போதும் அதிர்வெண்ணை 1.0595 ஆல் வகுத்துக்கொண்டே போக வேண்டும். மூன்று படி இறங்கினால் 69.3 ஹெர்ட்ஸ், அதாவது ஒன்றரைக் கட்டை. இதைப் படிக்கும் கர்நாடக சங்கீதக்காரர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் பாடகர்தான் கட்டையைச் சொல்வார், தம்பூராவும் வயலினும் அவருக்கு இறங்கி வரும். மேற்கே பல வாத்தியங்கள் சேர்ந்து வாசிப்பதால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சுருதி வேண்டியிருந்தது. அந்தப் பொதுச் சுருதியும் வானத்திலிருந்து வந்ததல்ல. பிரான்ஸ் 1859இல் 'ஏ' சுரத்துக்கு 435 ஹெர்ட்ஸ் என்று சட்டம் போட்டது. 1939இல் லண்டனில் கூடிய சர்வதேச மாநாடு 440 என்று வைத்தது. மனிதர்கள் கூடிப் பேசி வைத்த எண் அது. ஆகவே மனிதர்கள் தேவைக்கு அதை மீறுவதில் பாவம் ஒன்றுமில்லை.

மீறியவர்களில் முக்கியமானவர் ஒருவர் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துப் பையன், டோனி அயோமி. 1948இல் பிறந்தவர். இடது கைக்காரர், அதனால் கம்பியை அழுத்துவது வலது கை. பதினேழு வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை. இசைக்குழுவோடு வெளியூர் போகப்போகிறார் என்பதால் அன்றுதான் வேலையில் கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. அவருடைய அம்மா, எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அனுப்பிவைத்தார். அன்று மதியம் வழக்கமாக நிற்காத எந்திரத்தில் நிற்கவேண்டி வந்தது. வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின.

இனி கிடாரைத் தொட முடியாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அப்போது தொழிற்சாலை மேலாளர் ஒருவர் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல் வண்டி வீடு தீப்பற்றி எரிந்ததில் இடது கையின் இரண்டு விரல்கள் சுருங்கிப்போக, மீதி இரண்டு விரல்களால் ஐரோப்பாவையே அசத்திய ஜாஸ் கலைஞர். அதைக் கேட்ட பிறகு அயோமி வீட்டில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல்நுனிக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிப் போட்டுக்கொண்டார். தொப்பி போட்ட விரலுக்குக் கம்பி தட்டுப்படாது. அழுத்தினால் வலிக்கும். ஆகவே மெல்லிய கம்பி தேடினார். அன்று கடையில் கிடார்க் கம்பி அவ்வளவு மெல்லிசாகக் கிடைக்கவில்லை. பாஞ்சோவின் கம்பிகளை வாங்கிக் கட்டினார்.

அடுத்த படி, இழுவிசையைத் தளர்த்துவது. அவருடைய 'பிளாக் சபத்' குழுவின் மூன்றாவது இசைத்தட்டு 1971இல் வந்தது. அதில் சில பாடல்களுக்குக் கிடாரை மூன்று படி இறக்கிக் கட்டியிருந்தார். இங்கே ஒரு சின்னக் கணக்கு. அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம் என்று படித்தோம் அல்லவா? மூன்று படி இறங்கினால் இழுவிசை முன்பு 100 இருந்தது 71 ஆகிவிடும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பளு குறைவு. விரலுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! கூடவே ஒலி கனத்தது, இருண்டது. காயம்பட்ட ஒரு விரலுக்காக இறக்கிய சுருதி 'ஹெவி மெட்டல்' என்ற ஒரு இசை வகைக்கே அடையாளமாயிற்று. ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் தன் கிடாரை அடிக்கடி அரைக் கட்டை இறக்கித்தான் வாசித்தார்.

இதைப் படிக்கும்போது எனக்கு நம் ராஜரத்தினம் பிள்ளை நினைவுக்கு வந்தார். உச்சத்தில் ஒலித்த திமிரி நாகசுரத்தை விட்டு, நீண்ட பாரி நாகசுரத்துக்கு வந்து, கேட்பவர் காதுக்கு இதமாகச் சுருதியை இறக்கியவர் அவர். ஊதுகுழலில் முடுக்கித் தளர்த்த எதுவும் கிடையாது. நீளத்தைத்தான் கூட்ட வேண்டும். சுரமானிப் பாடத்தின் முதல் விதியை அவர் எடுத்துக்கொண்டார் என்றால், அயோமி எடுத்துக்கொண்டது இரண்டையும் மூன்றையும்.

ஆனால் தளர்த்துவதில் தொல்லைகள் உண்டு. கம்பி தொளதொளவென்று ஆகும். மீட்டினால் மெட்டில் உரசி 'ஸ்ர்ர்' என்று சத்தம் வரும், வேகமாக மீட்டினால் சுருதி ஆடும். பழைய விறைப்பு வேண்டுமென்றால் தடித்த கம்பி கட்ட வேண்டும். மூன்று படிக்கு 10 எண் கம்பி இருந்த இடத்தில் 12 எண். தடித்த கம்பி கட்டினால் அது உட்காரும் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், கழுத்தின் வளைவைச் சரிசெய்ய வேண்டும். 1970களின் கடைசியில் ஃப்ளாய்ட் ரோஸ் என்பவர் கம்பியின் இரண்டு முனையையும் பூட்டிவைக்கும் ஓர் ஏற்பாடு செய்தார். ஒரு பக்கம் கம்பிகளின் இழுப்பு, மறுபக்கம் ஸ்பிரிங்குகளின் இழுப்பு, நடுவே தராசு போலப் பாலம் நிற்கும். அதில் ஒரு கம்பியைத் தளர்த்தினால் மற்ற ஐந்தும் தானாக மாறும். மேடையில் பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றுவது நடக்காத காரியம்.

அதனால் வசதி உள்ளவர்கள் சுருதிக்கு ஒரு கிடார் வைத்துக்கொண்டார்கள். 1990இல் ஐபனேஸ் நிறுவனம் ஸ்டீவ் வாய் என்ற கலைஞருக்காக வடிவமைத்த ஏழு கம்பிக் கிடாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1994இல் முதல் இசைத்தட்டு வெளியிட்ட 'கோர்ன்' குழுவினர் அந்த ஏழாவது கம்பியையும் ஒரு கட்டை இறக்கி 55 ஹெர்ட்ஸில் வைத்து உறுமினார்கள். வசதி இல்லாத பையன்கள்? ஒரே கிடார், ஒரே சுருதி. எட்டினால் பாடு, எட்டாவிட்டால் விடு.

இனி அந்த இரும்பு டப்பாவின் முன்னோர்கள் கதை.

டேப் ரெக்கார்டரில் பேட்டரி தீர்ந்துகொண்டே வரும்போது டி.எம்.எஸ். குரல் எப்படி ஆகும், ஞாபகம் இருக்கிறதா? சுருதியும் இறங்கும், பாட்டும் இழுக்கும். ஒலியைப் பதிவு செய்து மெதுவாக ஓட்டினால் சுருதி இறங்கும், ஆனால் நேரம் நீளும். நேரத்தை நீட்டாமல் சுருதியை மட்டும் இறக்குவது எப்படி? இதுதான் கேள்வி. 1946இல் இதற்கு வழி சொன்னவர்களில் ஒருவர் டென்னிஸ் காபோர். ஹங்கேரியில் பிறந்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்துக்கு வந்த இயற்பியலாளர். பின்னாளில் ஹாலோகிராஃபிக்காக 1971இல் நோபல் பரிசு பெற்றவர். ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எண்ணிப் பார்த்தார் அவர். திரைப்படச் சுருளில் பதிவான ஒலியின் முன்னே துளைகள் கொண்ட உருளையைச் சுழலவிட்டு, துண்டு துண்டாக வேறு வேகத்தில் படித்து, ஒன்றன்மேல் ஒன்று விளிம்பில் கலக்கும்படி ஒட்டினார். அந்த யோசனைதான் இன்றுவரை ஆணிவேர்.

நம் வீட்டு உதாரணமாகச் சொல்கிறேன். ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுகிறார். மூன்றாமவர் அதைப் படிக்கிறார், ஆனால் எழுதும் வேகத்தைவிட மெதுவாக. மெதுவாகப் படிப்பதால் சுருதி இறங்கும். ஆனால் வரவர அவர் பின்தங்கிப் போவார். ஆகவே அவ்வப்போது சில எழுத்துகளை விட்டுத் தாண்டி, எழுதுபவர் பக்கத்துக்கு வந்துவிட வேண்டும். தாண்டும் இடம் காதுக்குத் தெரியக்கூடாது. அலையின் மேடு மேட்டோடும், பள்ளம் பள்ளத்தோடும் சேரும் இடம் பார்த்துத் தாண்ட வேண்டும். தவறான இடத்தில் தாண்டினால் 'டிக் டிக்' என்று விக்கல் கேட்கும்.

இதை முதலில் மின்னணு முறையில் கடைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஈவன்டைட் நிறுவனம். 1975இல் வந்த எச் 910 என்ற கருவி. இதன் முதல் வாடிக்கையாளர்களில் ஒன்று ஒரு நியூயார்க் தொலைக்காட்சி நிலையம். எதற்குத் தெரியுமா? பழைய நகைச்சுவைத் தொடரைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினால் கூடுதல் விளம்பரம் போடலாம். ஆனால் நடிகர்களின் குரல் கீச்சென்று ஆகிவிடும். அதை இறக்கத்தான் இந்தக் கருவி! கலைக்கு முன்னால் காசு வந்து நின்ற கதை. பிறகு கலையும் வந்தது. 1977இல் வெளிவந்த டேவிட் போவியின் 'லோ' இசைத்தட்டில் டிரம் அடி ஒவ்வொன்றும் சரிந்து விழுவது போலக் கேட்கும். அது இந்தக் கருவியின் வேலை.

ஸ்டுடியோவில் பெட்டியாக இருந்ததைக் காலடிக்குக் கொண்டுவந்த பெடல்களில் புகழ்பெற்றது டிஜிடெக் நிறுவனத்தின் 'வாமி'. 1989-90 வாக்கில் வந்த சிவப்பு நிறப் பெடல். தையல் மெஷின் மிதிப்பது போலக் காலால் மிதித்தால் சுருதி ஏறும், இறங்கும். டாம் மொரெல்லோ போன்றவர்கள் அதை வைத்து வித்தை காட்டினார்கள். ஆனால் அன்றைய பெடல்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒழுங்காகப் புரியும். ஆறு கம்பியையும் சேர்த்து மீட்டினால் குழம்பிவிடும். ஏன் என்று யோசியுங்கள். ஒரே கம்பி என்றால் மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று எளிதாகத் தெரியும். ஆறு கம்பிகளின் அலை கலந்த பிறகு எந்த மேட்டில் தாண்டுவது? ஒன்றுக்குப் பொருந்தும் இடம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. 1995இல் ரோலண்ட் நிறுவனம் வேறு வழி கண்டது. ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி பிக்கப் வைத்து, ஆறு ஒலியையும் தனித்தனியாக மாற்றியது. நல்ல வழிதான், ஆனால் கிடாரில் தனிக் கருவி பொருத்த வேண்டும்.

கணிக்கும் சில்லுகள் மலிந்து வேகமான பிறகே, கலந்த ஒலியை அப்படியே வாங்கி இறக்கும் பெடல்கள் நன்றாக வந்தன. 2014இல் டிஜிடெக் வெளியிட்ட 'டிராப்' என்ற பெடல் அவற்றில் பெயர் பெற்றது. ஒரே ஒரு திருகு. ஒரு படியிலிருந்து ஏழு படிவரை இறக்கலாம், அதற்கும் கீழே ஒரு முழு ஸ்தாயி. காலால் ஒரு தட்டு தட்டினால் போதும். கம்பி விறைப்பாகவே இருக்கும், கழுத்து வளையாது. பேரனிடம் இருப்பதும் இந்த ஜாதிதான்.

வாத்தியார் புத்தி, குறையும் சொல்லியாக வேண்டும். முதல் குறை, தாமதம். 82 ஹெர்ட்ஸ் கம்பி ஒருமுறை அதிர்ந்து முடிக்கவே 12 மில்லி விநாடி ஆகும். ஓர் அலையையாவது பார்க்காமல் எங்கே தாண்டுவது என்று பெடலுக்கு எப்படித் தெரியும்? ஆகவே ஒலி ஒரு துளி பிந்தித்தான் வரும். 10 மில்லி விநாடியில் ஒலி காற்றில் மூன்றரை மீட்டர் போகும். ஆம்பை அறையின் அடுத்த மூலையில் வைத்து வாசிப்பது போன்ற வித்தியாசம். வேகமாக வாசிப்பவர்களுக்கு உறுத்தும். படி கூடக்கூட ஒலியில் ஒரு செயற்கைத்தன்மையும் தெரியும். ஒன்று, இரண்டு படிக்குக் கண்டுபிடிப்பது கடினம். ஏழு படிக்கு எனக்கே தெரிந்தது.

இரண்டாவது, நான் கரண்ட் போனபோது கண்டது. சத்தம் குறைத்து வாசித்தால் கம்பி ஒரு சுருதியும் ஸ்பீக்கர் ஒரு சுருதியும் பேசும். இரண்டும் சேர்ந்து காதைக் குடையும். ஆம்பைச் சத்தமாக வை, இல்லை ஹெட்ஃபோன் போடு. (அவன் பாட்டி சொன்னது இரண்டாவது.) மூன்றாவது, பெடலை வைக்கும் வரிசை. கிடாரிலிருந்து வரும் சுத்தமான ஒலி முதலில் இதற்குள் போக வேண்டும். கரகரப்பு ஏற்றும் பெடல்கள் பிறகுதான். கரகரத்த ஒலியில் புதிதாகப் பல சுரங்கள் கலந்துவிடும். அதைத் துண்டுபோட்டு ஒட்டினால் கூழாகிவிடும்.

சரி, இதை யார் அதிகம் பயன்படுத்துகிறார்கள்? கனத்த இசை வாசிக்கும் இளைஞர்கள் என்று நினைத்தேன். அவர்கள் உண்டு. கூடவே இன்னொரு கூட்டம் இருக்கிறது. இருபது வயதில் உச்சத்தில் பாடிப் பதிவு செய்த பாட்டை அறுபது வயதில் மேடையில் பாடவேண்டிய பாடகர்களும், அவர்களுக்கு வாசிப்பவர்களும். கிடார்க்காரர் காலால் ஒரு தட்டு தட்டுகிறார். விரல் வைக்கும் இடம் பழைய இடமே. சுருதி மட்டும் பாடுபவரின் வயதுக்கு இறங்கி வருகிறது.

இந்த இடத்தில்தான் நான் படிப்பதை நிறுத்திவிட்டு மாடியில் நடந்தேன். இனி சொந்தக் கதை.

1987ஆம் வருஷம். ஆண்டு விழாவுக்கு நான் பொறுப்பு. காலைப் பிரார்த்தனையில் தினமும் முன்னால் நின்று பாடுகிற பையன் ஒருவன், ஒன்பதாம் வகுப்பு. வெள்ளிக் கிண்ணத்தைத் தட்டியது போன்ற குரல். அந்த வருஷம் அவனுக்குக் குரல் உடைந்தது. ஒத்திகையில் மேல் வரியில் குரல் இரண்டாகப் பிளந்தது. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதுதான் உண்மை. "உனக்கு இனி வராதுப்பா, போய் பெஞ்சு எடுத்துப் போடு" என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் போய் பெஞ்சு எடுத்துப் போட்டான். விழா முடியும்வரை நாற்காலி, பெஞ்சு எல்லாம் அவனே சுமந்தான். அதற்குப் பிறகு அவன் பாடி நான் கேட்கவில்லை.

ஹார்மோனியம் இருந்தது. நாலு கட்டை கீழே வாசித்திருந்தால் அவன் பாடியிருப்பான். அதற்குப் பெடலும் வேண்டாம், சில்லும் வேண்டாம். அதே வருஷம் பக்கத்து அறையில், இழுவிசையைக் குறைத்தால் சுருதி இறங்கும் என்று பன்னிரண்டாம் வகுப்புக்குப் பலகையில் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தவன் நான். கம்பிக்குத் தெரிந்ததைப் பிள்ளைக்குச் செய்யத் தோன்றவில்லை.

பேரன் இதை எதற்கும் மெனக்கெடாமல் செய்கிறான். கூடப் பாடுகிறவனுக்கு எட்டவில்லை, இறக்கினேன், அவ்வளவுதான். அவனுக்கு அது ஒரு திருகு.

பெயர் சொல்லமாட்டேன். ஆனால் நீ இந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஆசிரியர் தினத்துக்கும் தவறாமல் வணக்கம் போடுகிறாய். உன் மகளுக்குப் பாட்டு கற்றுக்கொடுப்பதாகப் போன வருஷம் எழுதியிருந்தாய். அன்று சொன்னதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் தம்பி. ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா. எனக்கும் குரல் இப்போது ஒரு கட்டைக்கு மேல் எட்டுவதில்லை. பேரன் பெடலை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். நீ எந்தச் சுருதி சொல்கிறாயோ அந்தச் சுருதியில் உட்கார்ந்து பாடுவோம்.

இப்போது ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு எட்டவில்லை என்றால், முதலில் சுருதியைப் பாருங்கள்.

கணக்கில் பிழை இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். மதிப்பெண் உண்டு.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் சார்